மயில்கழுத்துப் பாவாடை

"நேரா ஒரு துணி வெட்டத் தெரியுமாடி ஒனக்கு? கரும்பலகையில கணக்குப் போடுறதுன்னு நெனைச்சியா?"

தையல் மெஷினை ஆட்டோவிலிருந்து இறக்கிய அன்று அத்தை கேட்டது இது. அத்தை, என் அப்பாவின் தங்கை. பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். மெஷினின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள். அவள் கை உதவிக்கு வரும், வாய் எதிர்க்கட்சியில் இருக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அக்கா எட்டாவதோடு நின்றாள். நான் கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, பூதலூரில் ரயிலேறி தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்குப் பாடம் எடுக்கப் போகிறேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. என்னைப் பெற்றவர்கள் சேற்றில் நின்று சம்பாதித்த பெருமை அது, அடக்கமாகச் சொல்லி அதை ஏன் குறைக்க வேண்டும்?

அத்தைக்கு இந்தப் படிப்பின் மேல் மரியாதை உண்டு. ஆனால் படித்தவள் எதற்குத் துணி தைக்க வேண்டும் என்பது அவளுக்குப் புரியவில்லை. எனக்குக் காரணம் எளிது. செல்போனில் ஒரு பெண் சட்டைக் கையை வெட்டுவதைப் பார்த்தேன். அது முழுக்க முழுக்க வடிவியல். நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வளைவும் கோணமும் கத்தரியின் முனையில் ஒரு தோளாக மாறுவதைப் பார்த்தபோது, நானும் செய்து பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது.

முதலில் தலையணை உறை. அத்தை அதைத் திருப்பிப் பார்த்து, "தலையணைக்கு இடுப்பு வச்சித் தச்சிருக்கியே" என்றாள். அப்புறம் அம்மாவுக்கு நைட்டி. பள்ளியில் உடன் வேலை பார்க்கும் டீச்சருக்கு ஒரு சுடிதார். அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்த நாளில் வகுப்பை விட்டு வகுப்பு போய் அவள் முதுகைப் பார்த்தேன், தோள் தையல் நேராக உட்கார்ந்திருந்தது. அம்மா நடவுக்குப் போகும்போது புடவைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். நடவுக்குப் போகும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். அந்தச் சட்டைகளின் நைந்த காலரை எல்லாம் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுத்தேன். அப்பா இறந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அவருடைய சட்டைகளை அம்மா இத்தனை வருடமாக வெயிலிலும் சேற்றிலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதையும் பத்திரப்படுத்தி வைக்கிற ஆள் இல்லை அவள் என்றே நினைத்திருந்தேன்.

அக்காவின் பெண்குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். பாப்பாவுக்குப் பாவாடை சட்டை நான்தான் தைப்பேன் என்று சொல்லிவிட்டேன். தஞ்சாவூரில் துணி எடுக்கப் போவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மா இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு புடவையைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தாள்.

மயில்கழுத்து நிறம். மாம்பழ மஞ்சளில் அகலமான கரை. கட்டாத புடவை. மடிப்பு மட்டும் வெளுத்து, ரசகற்பூர வாசனை அடித்தது.

"ஏம்மா, புதுசா இருக்கே. நீ கட்டவே இல்லியா?"

"கட்டல. வெட்டு."

"நல்ல புடவைம்மா. நீ கட்டிக்க. நான் வேற துணி..."

"பாப்பாவுக்கு இதுலதான் தைக்கணும். வெட்டுடி."

அம்மா என்னிடம் இப்படி அழுத்திக் கேட்டது அபூர்வம். நான் வெட்டினேன். வெளுத்த மடிப்புக்கோடு வெளியே தெரியாதபடி, அது ஒவ்வொரு கொசுவத்துக்கும் உள்ளே போகிற மாதிரி கணக்குப் போட்டு மடித்தேன். கரை பாவாடையின் அடியில் சுற்றிலும் வந்தது. பாப்பா வளர வளரப் பிரித்துவிடலாம் என்று உள்ளே நிறையத் துணி விட்டேன். சட்டைக்குக் குட்டியாகப் புஃப் கை. முந்தியை மட்டும் வெட்டாமல் மடித்து வைத்தேன்.

தைத்து முடித்து இஸ்திரி போட்டதும் அம்மா கையைக் கழுவிவிட்டு வந்தாள். எங்கள் வீட்டில் புதுத்துணி என்றால் ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைத்துத்தான் உடுத்துவோம். வழக்கமாக அதை அத்தைதான் செய்வாள். அன்று அம்மாவே மஞ்சளைக் குழைத்து வந்து, பாவாடையின் ஓரத்தில் கட்டைவிரல் முழுக்க அழுத்தி வைத்தாள். இத்தனை மஞ்சள் எதற்கு, கறை போகாதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

காதுகுத்துக்கு முதல் நாள் மத்தியானம் அத்தை வந்தாள். பாவாடை ஆணியில் ஹேங்கரில் தொங்கியது. பாராட்டு வரப்போகிறது என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் கிட்டே போய்க் கரையைப் பிடித்தாள். திருப்பி உள்பக்கம் பார்த்தாள். கையைச் சட்டென்று எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இது ஏதுடி துணி?"

"அம்மா குடுத்தது அத்தை. பெட்டியில இருந்துச்சு."

"இது எங்க அண்ணனுக்கு வந்த கோடி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கணவன் செத்துப்போனால் காரியத்தன்று பிறந்த வீட்டார் அந்தப் பெண்ணுக்குப் புதுப்புடவை கொண்டுவந்து மேலே போடுவார்கள். அதுதான் கோடி. அப்பாவின் காரியத்தன்று அம்மாவின் மேல் புடவையாக வந்து விழுந்தது எனக்கு நினைவிருக்கிறது. அம்மாவின் தலை மட்டும் அந்தக் குவியலுக்கு மேலே தெரிந்தது. நான் அந்தத் தலையைத்தான் பார்த்தேன். ஒரு புடவையின் நிறம்கூட என் மனதில் நிற்கவில்லை.

அந்தத் துணியில்தான் ஒரு வயதுக் குழந்தைக்குக் கொசுவம் வைத்திருக்கிறேன்.

"பச்சப் புள்ளைக்குக் கோடியில பாவாடையா? அதுல போயி மஞ்சள வேற வச்சிருக்கு. ஏண்டி, இவ்வளவு படிச்சியே, பெட்டியில கட்டாத புடவை எதுக்குடி கெடக்கும்னு ஒரு வார்த்த கேக்கத் தோணல?"

சகுனம் பார்ப்பதை வகுப்பில் கேலி செய்கிறவள் நான். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வேலை இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்கிறவள். ஆனால் அந்த நிமிடத்தில் பாவாடையை எடுத்து ஒளித்துவிடத்தான் கை போனது. பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குள்ளேயே இருந்தது என்பதில் அதிர்ந்துபோனேன்.

அம்மாவுக்குத் தெரியாமல் நடந்த தவறு என்று சொல்லி அவளைக் காப்பாற்றப் பார்த்தேன். "அத்தை, அம்மா மறந்துபோயி..."

"மறக்கல," என்றாள் அம்மா. அரிசி களைந்த கையோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். "தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"அன்னைக்கு வந்த புடவை எல்லாத்தையும் கட்டிக் கிழிச்சிட்டேன். இது என் கூடப்பொறந்த அண்ணன் கடையில நின்னு பாத்து எடுத்தது. இத மட்டும் கட்ட முடியல. யாருக்காவது குடுக்கலாம்னா கோடின்னு தெரிஞ்சா வாங்குவாங்களா? வெட்டுனா அது வெறும் துணியாயிடும்ல."

"அதுக்குப் புள்ளைதான் கெடைச்சுதா?"

அம்மா ஈரக் கையை முந்தியில் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "பெரியவ கல்யாணத்துல நான் தூணுக்குப் பின்னாடி நின்னேன். தட்டு மாத்துனது அவ பெரியப்பாவும் பெரியம்மாவும். நாளைக்கும் நான் பொங்கப்பானைகிட்டதான் இருப்பேன். நான் முன்னாடி நிக்கக் கூடாது. என் துணியாவது நிக்கட்டும்."

அக்கா கல்யாணத்தில் அம்மா எங்கே நின்றாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டும் போட்டோவுக்கு நின்றுகொண்டும் இருந்தேன். அந்த ஆல்பத்தை எத்தனையோ தரம் புரட்டியிருக்கிறேன். அதில் அம்மா இல்லை. அது இப்போதுதான் என் தலையில் இறங்கியது. கோடி என்று அத்தை சொன்னதைவிட இது பலமாக அடித்தது.

அத்தை டீ குடிக்காமல் எழுந்து போனாள். எங்கள் வீட்டில் அவள் டீ குடிக்காமல் போனதே கிடையாது.

சாயங்காலம் அக்கா பாப்பாவோடு வந்தாள். கரையைப் பார்த்ததுமே கண்டுகொண்டாள். அப்பா இறந்தபோது அவள் விவரம் தெரிந்த பெண். அம்மாவைப் பார்த்தாள். அம்மா உலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

"வேற சட்டை இருக்குக்கா," என்றேன். "ஒன் மாமியாருக்குத் தெரிஞ்சா..."

அக்கா சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். "கழுத்து இறுக்காதுல்ல?"

"இறுக்காது."

"அப்ப சரி," என்று பாவாடையை மடித்துத் தன் பையில் வைத்தாள்.

மறுநாள் வாய்க்கால் கரையில் உள்ள குலதெய்வக் கோயில். பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் குளிப்பாட்டி அந்தப் பாவாடையைக் கட்டினார்கள். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. பெரியப்பா மகன் மடியில் பாப்பாவை வைத்தார்கள். அம்மா சொன்னதுபோலவே, தூரத்தில் வேப்பமரத்தடியில் பொங்கல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அத்தையும் வந்திருந்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

காது குத்தியதும் பாப்பா வீறிட்டாள். தூக்கிச் சமாதானம் செய்யக் குனிந்த அக்காவின் மாமியார், பாவாடைக் கரையைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாருக்கே. எந்தக் கடையில எடுத்தீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் அத்தையைப் பார்த்தோம். ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும், அந்த இடத்திலேயே பாவாடை கழற்றப்படும், அம்மா இனி எந்த விசேஷத்துக்கும் அழைக்கப்பட மாட்டாள்.

"கடையில எடுக்கல சம்பந்தி," என்றாள் அத்தை. "எங்க அண்ணன் வீட்டுத் துணி. பாப்பாவோட அம்மாச்சி குடுத்தாங்க, சின்னவ தச்சா." பிறகு வேப்பமரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணி, அடுப்ப விட்டுட்டு இங்க வாங்க. புள்ள அழுவுது, ஒங்ககிட்டதான் அடங்கும். வாங்க, நிக்கிறீங்களே."

அம்மா வரவில்லை. அகப்பையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். அத்தை போய் அகப்பையை வாங்கிக்கொண்டு அவளை முன்னால் தள்ளிவிட்டாள். கூட்டத்தின் நடுவில் அம்மா பாப்பாவைத் தூக்கினாள். பாப்பா அம்மாவின் தோளில் சந்தனத் தலையைத் தேய்த்தாள். சிலர் பார்த்தார்கள். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது வேனில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

அவள் ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர் கட்டியிருந்த வயல்களைப் பார்த்தாள். "எங்க அண்ணனுக்கு வந்த துணியில நான் போயி குத்தம் சொல்லுவனா?" கொஞ்ச நேரம் கழித்து, "நேராத்தாண்டி வெட்டியிருக்க," என்றாள்.

நேற்று அத்தைக்கு என்ன தோன்றியது, ராத்திரி என்ன யோசித்தாள் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டால் வேறு எதையாவது சொல்லித் திட்டுவாள்.

இப்போது எனக்கு இடம் கூடி வந்திருக்கிறது. நிச்சயதார்த்தத்துக்குத் தானும் பெரியம்மாவும் தட்டு மாற்றுவதாகப் பெரியப்பா வந்து சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மா தலையாட்டினாள். வெட்டாமல் வைத்திருந்த முந்தியை அன்றைக்கே எடுத்தேன். ஜாக்கெட்டுக்குச் சரியாக இருந்தது. அம்மாவை நிற்க வைத்து இஞ்சு டேப்பால் அளவெடுத்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் செய்து, எங்கள் பக்கத்தில் தட்டு மாற்றப்போவது என் அம்மா என்று சொல்லிவிட்டேன். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. நான் ஜாக்கெட்டுக்குக் கை வைத்து, ஓரம் அடித்து, ஊக்கும் தைத்துவிட்டேன். அதன் மூலையில் மஞ்சள் வைத்தது அத்தை.