தமயந்தி எழுதிய நான்கு பக்கங்கள்

தமயந்தி மேடம் இறந்த செய்தியை அவர் மகள் வித்யாதான் தொலைபேசியில் சொன்னாள். "அம்மா காலைல போயிட்டாங்க அங்கிள். ஆபீஸ்காரங்க யாருக்கும் சொல்ல எனக்கு மனசில்ல." ஆனாலும் நான் கசார்வாடியில் இருந்த அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ரோஜா மாலையோடு எங்கள் பழைய மேலதிகாரி வந்துவிட்டிருந்தார். "எல்லோரோடும் அனுசரித்துப் போன பெண்மணி" என்று வந்தவர்களிடமெல்லாம் இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. தமயந்தி மேடம் அனுசரித்துப் போகாதவர் என்பதை அந்த மனிதரைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது.

புனே தமிழர்களில் பலருக்கு அவரைத் தெரியும். மதுரைக்காரர். அரசுக் கட்டுமான அலுவலகமொன்றில் வரைபடப் பிரிவில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர். நம்மில் சிலர் வீடு வாங்கும்போது வரைபடத்தை அவரிடம் காட்டவே பயப்படுவோம். தப்பிருந்தால் வாங்க விடமாட்டார். ஆனால் ஆற்றங்கரைக் கிடங்கின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதே அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். முளா ஆற்றின் கரையில் எங்கள் அலுவலகத்துக்குச் சொந்தமான கருங்கல் கிடங்கு ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் குதிரைப் படைக்குக் கொள்ளும் தானியமும் சேர்த்துவைக்கக் கட்டியது. பிறகு கம்பளிகள், கடைசியில் உடைந்த நாற்காலிகள். அதை இடித்து, அந்த நிலத்தை ஊழியர் வீட்டுவசதிச் சங்கத்துக்குக் கொடுக்க முடிவாயிற்று. அளவெடுக்க தமயந்தியை அனுப்பினார்கள். குறிப்பெடுக்க நானும் போனேன்.

கிடங்கின் தரை ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. ஆற்றைப் பார்த்த சுவரில் கிடைமட்டமாக உளி வெட்டுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆண்டு. நான் அலங்காரம் என்று நினைத்தேன். தமயந்தி ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார்.

"சேகர், இது தண்ணி வந்த மட்டம்" என்றார். "ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு கோடு. கீழ இருக்கிற மண்ணுல வீடு கட்டுனா சன்னல் வரைக்கும் முழுகும்."

"வெள்ளைக்காரன் எவ்வளவு கவனமா இருந்திருக்கான் மேடம்."

"கோடு போட்டவன் வெள்ளைக்காரனா? எழுத்தப் பாருங்க, மராட்டி எண்ணு. மூட்டை தூக்குனவங்க போட்டது. நனைஞ்ச மூட்டைய மாடிக்கு ஏத்துனது அவங்க முதுகுதான."

பிறகு ஒரு மாதம் பதிவறையில் தூசு தின்றார். கிடங்குக் காவலர்கள் மேலிடத்துக்கு எழுதிய பழைய கடிதங்களைத் தேடி எடுத்தார். கட்டடத்தின் வரலாறு, வெள்ள மட்டங்கள், தாழ்ந்த நிலத்தில் குடியிருப்பு கூடாது என்ற முடிவு எல்லாம் சேர்த்து நான்கு பக்கம் எழுதினார். அளவுகளோடு சேர்த்துப் பதினொரு பக்க அறிக்கையாக நான் தட்டச்சு செய்தேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டார்.

மேலதிகாரி என்னைத் தனியாக அழைத்தார். "இந்தக் கதையெல்லாம் எவன் கேட்டான்? அதை எடுத்துவிட்டுப் பக்க எண்ணை மாற்றி அடி" என்றார். அடித்தேன். பதினொன்று ஏழாயிற்று. தமயந்தியின் கையெழுத்து அப்படியே இருந்தது.

கிடங்கை இடித்தபோதுதான் அவர் அறிக்கைக் கோப்பை வாங்கிப் பார்த்தார். நேரே என் மேசைக்கு வந்தார். "பக்க எண்ண மாத்துனது நீங்களா?"

"அவர் சொன்னார் மேடம்."

"அத எழுத்துல குடுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தனியாகப் புகார் எழுதினார். மறுமாதம் அவரைத் தொலைவிலுள்ள தளேகாவ் பணியிடத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை தினமும் லோக்கல் ரயிலில் போய்வந்தார்.

குடியிருப்பு எழும்பியது. ஒன்பதாவது மழைக்காலத்தில் ஆறு வந்தது, சன்னல் வரைக்கும். எங்கள் அலுவலகப் பியூன் ஷிண்டே கீழ்த்தளத்தில் இருந்தார். நடக்க முடியாத அவருடைய தாயார் கட்டிலிலேயே மூழ்கிப்போனார். ஷிண்டே பால் வாங்கப் போயிருந்த நேரம்.

விசாரணை நடந்தது. அளவெடுத்த தமயந்தி வெள்ள ஆபத்தைக் குறிப்பிடத் தவறினார் என்று பழி அவர்மேல் விழுந்தது. ஏழு பக்க அறிக்கையில் இருந்தது அவர் கையெழுத்துதானே! அவர் அப்போது எழுதிய புகாரைக் கோப்பில் காணவில்லை. தன் கைப்பட எழுதிய நகலைக் கொண்டுபோய்க் காட்டினார். யார் வேண்டுமானாலும் இப்போது எழுதிக்கொண்டு வரலாம், தட்டச்சு செய்தவர் சொல்லட்டும் என்றார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். மேலதிகாரி எதிரே உட்கார்ந்திருந்தார்.

"நினைவில்லை" என்றேன்.

தமயந்தி என்னைப் பார்க்கக்கூட இல்லை. காகிதங்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். செய்யாத தவறைச் சுமந்துகொண்டு அதற்குப் பிறகு இரண்டு வருடம் வாழ்ந்தார். மாலை போட வந்த மனிதரோ அந்த இரண்டு வருடத்தில் பதவி உயர்வோடு ஓய்வு பெற்றார்.

போன தீபாவளிக்கு மறுநாள் துணிவு வந்து அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்கு? நானா தண்ணிக்குள்ள கெடந்தேன்? அந்தப் பியூன்கிட்ட போங்க" என்றார். காப்பி கொடுத்தார். அப்போதும் நான் போகவில்லை. அவர் போன பிறகுதான் போனேன்.

ஷிண்டே இப்போது விஷ்ராந்த்வாடியில் வாடகை வீட்டில் இருக்கிறார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வித்யா கொடுத்திருந்த நான்கு பக்கங்களை வரி வரியாக இந்தியில் படித்துக் காட்டினேன். அவர் மராட்டியில் சொன்னார்: "அந்த மேடத்தை நான் தினமும் சபித்தேன். சாமி முன்னால் நின்று சபித்தேன். அவர் உயிரோடிருந்தபோது நீ ஏன் வரவில்லை?"

நடந்ததை அவர் முன்னாலேயே வாக்குமூலமாக எழுதினேன். என் பெயரை முதலிலும் மேலதிகாரியின் பெயரை இரண்டாவதாகவும் போட்டேன். ஷிண்டே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கடைசிவரை என்னை உள்ளே வரச் சொல்லவில்லை.

வாக்குமூலம் உரிய இடத்துக்குப் போய்விட்டது. தமயந்தி மேடத்தை அறிந்தவர்களே, அவரை யாராவது தவறிழைத்தவர் என்றால், என் பெயரைச் சொல்லுங்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் கோபம் ஒன்றுதான். அதில் பாதி என்மேல் வந்தது. அந்தப் பாதியையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.