பப்பாளிக்காய் போட்டு ஊறவெச்ச கறி

கறியை வேகவைக்க அடுப்பு இருந்தா போதும், ஊறவைக்கத்தான் ஆள் வேணும். அடுத்தவங்க வீட்டு அடுப்புல வெந்துட்டு, அதை சொந்த வீட்டுல வாய்விட்டுச் சொல்ல முடியாம முழிச்சவங்க உங்கள்ல யாராச்சும் இருந்தா, நான் சொல்றது புரியும்.

எழுபதுகள்ல செங்கம் ரோட்டுல ஒரு வெள்ளைக்கார துரை வீட்டுல சமையல் செஞ்சேன். பீட்டர்னு பேரு. அண்ணாமலையைப் பாத்துக்கினே உசுர விடணும்னு வந்தவரு. ஊரு, ஒறவு எல்லாத்தையும் விட்டுட்டு வந்த மனுஷனுக்கு மாட்டுக்கறியை மட்டும் விட முடியல. எனக்கோ அந்த வேலையை விட முடியல. வீட்டுக்காரர் செத்துட்டாரு, வசந்தா, கமலான்னு ரெண்டு பொண்ணுங்க, அடி அண்ணாமலையில மழையை நம்பி ஒரு துண்டு கடலைக்கொல்லி. ஊர்ல கேட்டவங்களுக்கெல்லாம் தோட்ட வேலைன்னு சொல்லி வெச்சேன். மாட்டுக்கறி தொடுறவன்னு தெரிஞ்சா எங்க ஜனத்துல என் பொண்ணுங்கள எவனும் கட்டமாட்டான்.

முதல் ஸ்டேக்

ரெண்டு விரல் கனத்துல எலும்பில்லாத துண்டு. அதுக்குப் பேரு ஸ்டேக்காம். உப்பு, ஒடச்ச மிளகு, நசுக்குன பூண்டு, எலுமிச்சம்பழம், கொஞ்சம் எண்ணெய் தடவி ஊறவெச்சு, கல்லுல போட்டுத் திருப்பி எடுக்கணும், நடுவுல செவப்பா இருக்கணும்னு துரை சொல்லிக்குடுத்தாரு. அவங்க ஊர்ல வேணா அது சரிப்படும். நம்ம ஊர்ல உழுது ஓடாப்போன மாடுதான் கறிக்கடைக்கு வரும். மொத வாரம் பாவம், அந்த மனுஷன் அரைமணி நேரம் மென்னுட்டுத் துப்பினாரு.

கொல்லையில பப்பாளி மரம் இருந்துச்சு. பப்பாளிக்காய் போட்டா கறி சீக்கிரம் வேகும்னு தெரியும், ஆனா எவ்ளோ நேரம்னு தெரியாது. கிழட்டு மாடாச்சே, ஜாஸ்தி நேரம் ஊறட்டும்னு காயை அரைச்சுக் காலையிலயே தடவிட்டேன். சாயந்திரம் கல்லுல போடலாம்னு தூக்கினா, கையில கொழகொழன்னு பிரிஞ்சு போச்சு. அதையும் தட்டுல வழிச்சு வெச்சேன். துரை கரண்டியால ஒரு வாய் எடுத்துப் பாத்துட்டு, மொகத்துல ஒரு சிரிப்பும் இல்லாம சொன்னாரு: "கன்னியம்மா, இது ஸ்டேக் இல்ல. இது சட்னி."

கீரைக்கட்டு

அப்புறம் அளவு பிடிபட்டுடுச்சு. அரை மணி நேரம், அதுக்கு மேல கூடாது. நான் வாயில வெச்சதே இல்ல. உப்பு கம்மியா ஜாஸ்தியான்னு துரை மொகத்தைப் பாத்துத்தான் கத்துக்கினேன்.

பெரிய கஷ்டம் கறி வாங்கிட்டு வர்றதுதான். கூடையில கறிப் பொட்டலத்தை அடியில வெச்சு, மேல முருங்கைக்கீரையைப் பரப்பி, எந்தத் தெருவுல தெரிஞ்சவங்க இல்லையோ அந்தத் தெருவாப் பாத்து நடப்பேன். ஒருநாள் கடையைத் தாண்டி நாலு எட்டு வெச்சிருப்பேன், கறிக்கடை பாய் பின்னாடியே ஓடி வந்தாரு. அக்கம்பக்கம் பாத்துட்டு, மெதுவா, என் மானம் தன் மானம் மாதிரி சொன்னாரு: "கூடை ஒழுகுதும்மா, சொட்டு சொட்டா உன் பின்னாடியே வருது."

கைவாசனை

வீட்டுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி சாம்பலும் புளியும் போட்டு, தோல் எரியிற வரைக்கும் கை தேய்ப்பேன். மாட்டு வாசனை போயிடும், பூண்டு வாசனை போவாது; தோட்ட வேலைக்குப் போறவ கையில பூண்டு ஏது? ஒரு பௌர்ணமிக்கு, மலை சுத்துறவங்களுக்கு எங்க தெருவுல நீர்மோர் ஊத்தினோம். நானும் சொம்பைத் தூக்கினேன். என் நாத்தனார் கிட்ட வந்து, மூக்கை ஒரு இழு இழுத்தா. ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். சொம்பை என் கையிலேருந்து வாங்கிக்கினு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னா: "அண்ணி, நீங்க போய் ஒக்காருங்க, வசந்தா ஊத்தட்டும்."

கை நனைக்க வந்தவங்க

வசந்தாவுக்குக் கீழ்பென்னாத்தூர்லேருந்து ஒரு எடம் வந்துச்சு. நல்ல பையன், வசந்தாவுக்கும் புடிச்சிருந்துச்சு. எங்க பக்கத்துல சம்மந்தம் முடிவாவுற வரைக்கும் பொண்ணு வீட்டுல கை நனைக்கமாட்டாங்க, ஒரு வாய் சோறு திங்கமாட்டாங்க. பூ வெச்சுட்டு, அன்னிக்கே கை நனைக்கிறோம்னாங்க. எனக்குத் தலைகால் புரியல. ஆட்டுக்கெடா ஒண்ணு வாங்கி அறுத்தோம். அது பல்லு தேஞ்ச கெழம்னு வெட்டுறப்பதான் தெரிஞ்சுது. சம்மந்திங்க மென்னுட்டுத் துப்பினா என் மானம் என்னாவுறது? அரை மணி நேரம் பப்பாளிக்காயில போட்டேன்.

மாப்பிள்ளையோட பெரியம்மா ஒரு துண்டை ரெண்டு விரலால அமுக்குனாங்க. பூவா பிரிஞ்சுது. "என்ன சம்மந்தி, இவ்ளோ மெத்துனு இருக்குது? எங்க கத்துக்கினீங்க?"ன்னாங்க. எத்தினி வருஷம்! என் சமையலை ஒருத்தராச்சும் பந்தியில வெச்சுப் புகழ மாட்டாங்களான்னு ஏங்கின பாழாப்போன மனசு. "எங்க துரைக்கு நான் இப்படித்தான் ஊறவெப்பேன்"னு சொல்லிட்டேன்.

சொன்னதுக்கப்புறம்தான் காதுல விழுந்துச்சு. பந்தியில ஒரு கை அசையல. நாத்தனார் தலையைக் குனிஞ்சுக்கினா. நான் கொல்லைக்கு ஓடி, கெடாத் தலையைக் கொம்போட தூக்கியாந்து நடுக்கூடத்துல வெச்சேன். "பாருங்க, இதான் வெட்டினோம், என் பொண்ணு மேல சத்தியம்"னு கதறினேன். அந்தம்மா எலையை மூடிட்டு எழுந்தாங்க. கோவமே இல்ல கொரல்ல: "தலை ஆட்டோடதுதான், கறி எதோடது?"

மிச்சம்

வெச்ச பூவைக் கழட்டி எலை பக்கத்துலயே போட்டுட்டுப் போனாங்க. குண்டான் நிறையக் கறி. எங்க தெருவுல ஒரு வீடும் வாங்கல. நான் சுவத்துல தலையை முட்டிக்கினு ஒக்காந்திருந்தேன். வசந்தா ஒரு தட்டுல சோறு போட்டுக்கினு வந்து என் எதிர்லயே ஒக்காந்து, அந்தக் கறியை ஊத்திப் பிசைஞ்சு, ஒரு துண்டு விடாம தின்னா. அழுவல. தட்டைக் கழுவி வெச்சுட்டு வந்து சொன்னா: "நல்லாதாம்மா இருக்குது, இவ்ளோ நல்லா செஞ்சிருக்க வேணாம்."

அதுக்கப்புறம் வசந்தாவுக்கு ஒரு எடமும் வரல. சில வருஷம் கழிச்சு, இந்தச் சேதி எட்டாத தூரத்து ஊர்லேருந்து கமலாவுக்குக் கை நனைக்க வந்தவங்களுக்குக் கறியை வேணும்னே நார்நாரா, பல்லுல மாட்டுற மாதிரி எறக்கினேன், கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு.