மாவு மில் வரிசையில் ஒரு பால் பவுடர் டப்பா

மாவு மில்லில் வேலை செய்தால் காது சீக்கிரம் மந்தமாகிவிடும் என்பார்கள். எனக்கு நடந்தது நேர்மாறு. இயந்திரச் சத்தத்தை மீறி எல்லோரும் கத்திப் பேசுவதால், பழவேற்காட்டில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து எந்த நாடு எந்த நாட்டின் மேல் குண்டு போட்டது என்பது வரை எனக்குத் தெரியாதது குறைவு.

பட்டப்படிப்பை முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும் வரை என்று நைனாவின், அதாவது என் அப்பாவின், மில்லில் உட்கார்ந்தவள் நான். நாலு பேர் எதிரில் பேசக் கூச்சம். கடையிலோ கவுன்டரிலோ உட்கார்ந்து ஊர்ப்பேச்சைக் கேட்டே பொழுதைக் கழிக்கும் வாசகர்களுக்கு என் நிலைமை புரியும். நம்மிடம் யாரும் பேசுவதில்லை. நம்மை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

எங்கள் மில்லில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, டப்பாக்கள் நிற்கும். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்கு மீனவர்களிடையே முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். அதே ஒழுங்கு மில்லுக்கும் வந்துவிட்டது. டப்பாவை வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய் வரலாம். யாரும் அதை நகர்த்தமாட்டார்கள். டப்பாவைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். பெயின்ட் வாளி என்றால் எங்கள் தெரு வசந்தாக்கா. மூடி நசுங்கிய எண்ணெய் டின் என்றால் ஐஸ் கடை ஏழுமலை அண்ணன். பச்சை நிறத்தில் பெரிய பால் பவுடர் டப்பா, மேலே அரபி எழுத்து இருந்தால், அது சுலோச்சனாக்கா. அவருடைய மகன் சேகர் வளைகுடாப் பக்கம் ஒரு சின்ன சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். முதல் முறை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த டப்பா அது.

கேழ்வரகும் ராக்கெட்டும்

ஆடி மாதம். அம்மன் கோயில் கூழுக்காகக் கேழ்வரகு அரைக்க மில் வாசல் வரை டப்பாக்கள். அந்த வாரம்தான் வளைகுடாவில் சண்டை தொடங்கியிருந்தது. ஏழுமலை அண்ணன் போனைப் பார்த்துப் பார்த்து, கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். "இவன் உட்டான்னா அவன் சும்மா இருப்பானா? திருப்பி உட்டான் பாரு!"

டீக்கடை கரீம் பாய்க்கு அவர் கவலை. "டீசல் வெல ஏறுச்சுன்னா போட்டுங்க எப்டிண்ணே கடலுக்குப் போவும்?" வசந்தாக்காவுக்கு அவர் கவலை. "எண்ணெ வெலயும் ஏறும். தீபாவளிக்கு முறுக்கு சுட்ட மாரிதான்." எல்லோரும் சிரித்தார்கள். உலகச் சண்டை, எங்கள் மில்லில் முறுக்கு வரைக்கும்தான் வந்து நின்றிருந்தது.

ஓரமாக உட்கார்ந்து கேழ்வரகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த சுலோச்சனாக்கா அப்போதுதான் நிமிர்ந்தார். "ஏழுமல, சேகரு கப்பலு அந்தப் பக்கந்தான் போவுது. அந்த ராக்கெட்டு தண்ணிலயும் வுழுமா?"

கல்லறைக்கு வழி

வாரா வாரம் போனில் பேசுகிற சேகர் அதன் பிறகு பேசவில்லை. வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட், விசாரிக்கிறோம் என்றார். அப்புறம் அவரும் போனை எடுப்பதில்லை. அதன் பிறகு மில்லில் யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் வந்தது. வரிசையில் பச்சை டப்பா இருந்தால் சண்டையைப் பற்றிப் பேச்சு கிடையாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கினால் மீன் இருக்குமா, முகத்துவாரம் மறுபடி மணல் மூடுமா, தேர்தலில் யார் வருவார்கள், இவ்வளவுதான். டப்பா போனதும் குண்டுகள் திரும்ப விழத் தொடங்கும்.

ஒருநாள் வயதான வெள்ளைக்காரத் தம்பதி மில்லுக்குள் எட்டிப் பார்த்தார்கள். டச்சுக் கல்லறைக்கு வழி தெரியாமல் மார்க்கெட் சந்தில் சுற்றியிருக்கிறார்கள். கல்லூரியில் படித்த ஆங்கிலம் முழுவதும் என் தொண்டையில் நின்றது. கரீம் பாய் விடவில்லை. "பாப்பா, அவங்க ஊர்ல இப்ப யாரு ஆட்சினு கேளு." வசந்தாக்கா, "பண்டிகைக்கு இன்னா சமைப்பாங்கனு கேளுடி" என்றார். இரண்டையும் கேட்காமல், ஏன் வந்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர்கள் குடும்பத்தில் ஒருவர் டச்சுக்காரர் காலத்தில் கப்பலில் வந்து இங்கேயே இறந்துபோனாராம். அவர் பெயர் எந்தக் கல்லிலாவது இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார்கள்.

எலும்புக்கூடு செதுக்கிய கல்லறை வாசல் வரை நானே கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தேன். திரும்பியதும் எல்லோரும் கேட்டார்கள், சொன்னேன். "போய்ச் சேந்து முந்நூறு வருசம் ஆயிருக்கும், இன்னும் தேடறாங்களா!" என்று வசந்தாக்கா வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பச்சை டப்பாவைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சுலோச்சனாக்கா மாவை ஒரு தட்டு தட்டி மூடியை அழுத்தினார். "முந்நூறு வருசம் ஆனவங்களே தேடறாங்க. நான் ஆடியிலேர்ந்துதானே தேடறேன்."

வேட்பாளர் வந்தார்

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வேட்பாளர்கள் மாவு மில்லை விடவே மாட்டார்கள். பெண்கள் ஓரிடத்தில் நகராமல் இருப்பது இங்கேதான். ஒருவர் மாலையோடு உள்ளே வந்து, இயந்திரம் ஓட ஓடவே பேசினார். கை போன திசையைப் பார்த்து, படகுத்துறை என்றோ குடிநீர் என்றோ நாங்கள் ஊகித்துக்கொண்டோம். எல்லோரும் தலையாட்டினோம். அவருக்குத் திருப்தி.

சுலோச்சனாக்கா எழுந்து அவர் முன்னால் போய் ஏதோ கேட்டார். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார். அப்போது நைனா செய்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை: பாதி அரிசி உள்ளே இருக்கும்போதே சுவிட்சை அணைத்தார். நடுவில் நிறுத்தினால் தானியம் உள்ளே சிக்கிக்கொள்ளும், கழற்றிச் சுத்தம் செய்ய அரை நாள் போகும். அது தெரிந்தும் அணைத்தார்.

"எம்புள்ள போன கப்பலு எங்க கீதுனு யாரையாவது கேட்டுச் சொல்லுவீங்களா?" என்ற கேள்வி அந்த அமைதியில் சுவரெல்லாம் பட்டுத் திரும்பியது. வேட்பாளர் மாலையைச் சரிசெய்துகொண்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், முகம் வாடிவிட்டது. விவரமாக ஒரு மனு எழுதிக் கொடுங்கம்மா, மேலே பேசுகிறேன் என்றார்.

"மனுலாம் நெறைய குட்த்துட்டேங்க. பேரு சேகரு. அத்த மட்டும் ஞாபகம் வச்சிக்கினு போங்க."

மூடிய தட்டு

துக்கம் நடந்த வீட்டில் ஓராண்டுக்கு எண்ணெய்ச் சட்டி ஏறாது. பண்டிகைப் பலகாரம் செய்யமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் பண்டிகைக்கு முன்பே ஒரு தட்டில் வைத்து, துணி போட்டு மூடி, கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்தத் தட்டு வெறுமையாகத்தான் திரும்பி வரும். மற்ற வீடுகளுக்குத் தட்டு போவது தீபாவளி அன்றுதான். அது அந்த வீட்டுப் பலகாரத்தோடு திரும்பி வரும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

வசந்தாக்கா கெட்டவர் இல்லை. ஒண்டியாக அடுப்பு முன்னால் உட்கார்ந்து சுலோச்சனாக்கா என்ன சுடப்போகிறார் என்ற பரிதாபம் மட்டும்தான். தீபாவளிக்கு நாலைந்து நாள் முன்பே முறுக்கும் அதிரசமும் வைத்து, துணி போட்டு மூடி, சுலோச்சனாக்கா வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டார். எதிர்ச்சாரியில் எங்கள் வீடு. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வாசலைத் தாண்டி வந்த சுலோச்சனாக்காவின் கண் தட்டின் மேலிருந்த துணிக்குப் போனதைப் பார்த்தேன். தான் என்ன செய்துவிட்டோம் என்பது வசந்தாக்காவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தட்டைப் பின்னால் இழுக்கவும் முடியாமல், நீட்டவும் முடியாமல் நின்றார்.

சுலோச்சனாக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் வசந்தாக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்கூட்டுக்காரரு போனப்ப இந்தத் தட்ட உங்கையாலதான் வாங்கனேன் வசந்தா. அப்ப வேண்டியிருந்துச்சு. இப்ப எதுக்கு எட்தாந்த?"

நகர்ந்த டப்பா

மறுநாள் காலை பச்சை டப்பா மில்லுக்கு வந்தது. உள்ளே அதிரசத்துக்கு ஊறவைத்து, நிழலில் துணி விரித்து உலர்த்திய பச்சரிசி. கையில் எடுத்தால் ஈரம் ஒட்ட வேண்டும், தண்ணீர் தெரியக்கூடாது. அந்தப் பதத்தில் கொண்டுவந்திருந்தார். அன்று வரிசை வாசல் தாண்டித் தெருவில் நின்றது. அவர் கடைசியில் வைத்தார்.

வசந்தாக்கா முன்னால் இருந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். சட்டென்று போய்ப் பச்சை டப்பாவைத் தூக்கி, எல்லாவற்றுக்கும் முன்னால், தன் பெயின்ட் வாளிக்கும் முன்னால் வைத்தார். எங்கள் மில்லில் ஒருவர் வைத்த டப்பாவை இன்னொருவர் நகர்த்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. ஏழுமலை அண்ணன் தன் எண்ணெய் டின்னைக் காலால் தள்ளி வழிகூட விட்டார். முன்பு அரைத்த மாவு நீங்க இயந்திரத்தில் போட, நைனா ஒரு பிடி காய்ந்த அரிசியைக் கையில் எடுத்தார்.

சுலோச்சனாக்கா டப்பாவைத் தூக்கிக்கொண்டு பழையபடி தெருவுக்குப் போய்க் கடைசியில் வைத்தார். "நான் பின்னாடிதான் வந்தேன். என் முற வரட்டும்." பிறகு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். "நான் வந்தா ஏன் எல்லாரும் வாய மூடிக்கிறீங்க? எழவு ஊட்டுக்கு வந்த மாரி? எங்கூட்ல டிவி ரிப்பேரு. எனக்கு நியூஸே உங்க பேச்சுதான். நீங்களும் சொல்லலன்னா நான் யாரக் கேப்பேன்?"

வரிசை நகரவில்லை. வசந்தாக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஏழுமலை அண்ணன் போனை லுங்கியில் துடைத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு துறைமுகம் தொறந்துட்டானுங்களாம்க்கா. மாட்டிக்கின கப்பலுங்க ஒண்ணொண்ணா வெளிய வருதாம். பேரு போடல. போட்டா மொதல்ல உனக்குத்தான் சொல்வேன்."

பாகு

தீபாவளி அன்று சுலோச்சனாக்கா வீட்டிலிருந்து தெரு முழுவதும் தட்டு போனது. எங்கள் வீட்டுக்கு இரண்டு அதிரசம் கூடுதலாகவே வந்தது. மறுநாள் மில் திறந்ததும் மிச்சத்தை ஒரு டிபன் பாக்ஸில் போட்டு எடுத்துக்கொண்டு அவரே வந்தார். கரீம் பாய் டீயோடு வந்தார். எல்லோரும் ஆளுக்கு ஒன்று எடுத்தோம்.

அதிரசம் கல்லாக இருந்தது. வெல்லப்பாகு கொதிக்கும்போது அவர் மனம் எங்கே இருந்ததோ, பதம் தாண்டிவிட்டது. ஏழுமலை அண்ணன் ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டு, "நல்லா கீதுக்கா" என்றார். நைனா தலையாட்டினார். நான் டீயில் ஊறவைத்தேன். துக்க வீட்டுச் சாப்பாட்டை யாரும் குறை சொல்வதில்லை. எங்களுக்கே தெரியாமல் நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

வசந்தாக்கா கடைசியாக வந்தார். இரண்டு பேரும் அன்றைக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை. ஒன்றை எடுத்தார், கடித்தார், வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். மில்லே கேட்கும்படி கத்தினார்.

"இன்னாக்கா இது, பாகு முத்திப்போய் கருங்கல்லாட்டம் கீது! எம்பல்லு போச்சுனா நீயா கட்டுவே? இத்தினி வருசம் சுட்டு இதுகூடத் தெரியலயா உனக்கு?"

சுலோச்சனாக்கா வசந்தாக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் உதடு கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன்; சிரித்துவிட்டார். ஆடிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே டிபன் பாக்ஸை மறுபடி வசந்தாக்கா பக்கம் தள்ளினார்.

"துன்னுடி, வாயாடி. சேகரு வரப்ப புதுசா பாகு காச்சுவேன். அப்ப வந்து குத்தம் சொல்லு, பாப்போம்."

சேகரிடமிருந்து இதை எழுதும் வரை போன் வரவில்லை. ஆனால் பச்சை டப்பா வரிசையில் இருக்கும் நாட்களில்தான் எங்கள் மில்லில் இப்போது உலகச் செய்தி உரக்க வாசிக்கப்படுகிறது, பழவேற்காடு ஏரியில் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டால் விழிக்கிற ஏழுமலை அண்ணன் வளைகுடாவில் எந்தப் பக்கம் என்று மட்டும் விசாரித்து வைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டே கிளம்புகிறார்.