‘ரிஜெக்டட்’ என்று எழுதாதவர்

மயில்சாமி வீட்டில் அரிசி தீர்ந்ததே கிடையாது. தீரும் நாளில் ‘நிறைஞ்சிருக்குது’ என்பார். விளக்கை அணைத்ததும் இல்லை, குளிர வைப்பார். இப்படிப்பட்ட மனிதரைத் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களின் மெயிலுக்குப் பதில் எழுதும் மெர்ச்சண்டைசராக உட்கார வைத்திருந்தார்கள். டிலே, கேன்சல், கிளெய்ம் என்று அபசகுனங்கள் காலை ஒன்பது மணிக்கே வரிசையில் வந்து நிற்கும் வேலை அது.

அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. மனைவி சுப்புலட்சுமி ஒருநாள் அவசரத்தில் ‘வர்றேன்’ என்பதற்குப் பதில் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் அவிநாசிக்குக் கிளம்பினார். வழியில் லாரி. லாரிக்காரர் அந்த வார்த்தையைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. மயில்சாமி லாரிக்காரரை மன்னித்துவிட்டார், வார்த்தையை மன்னிக்கவில்லை.

ஆகவே அபசகுன வார்த்தையோடு வரும் மெயிலுக்கு அவர் பதில் எழுதும்போது முதல் வேலையாக சப்ஜெக்டை மாற்றிவிடுவார். ஐம்பத்தைந்து வயதில் இந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்காது. அதைக் காப்பாற்ற அவர் அறிந்த ஒரே வழி இது.

போன மாதம் ஜெர்மனியிலிருந்து பையர் அம்மாள் எழுதியிருந்தார். சப்ஜெக்ட்: ‘ரிஜெக்டட் - நேவி காலர்’. காலர் துணியின் நிறம் சேரவில்லை, மறுபடி சாயம் போட்டு எந்தத் தேதிக்குத் தர முடியும் என்று கேள்வி. மயில்சாமி அன்றைக்கே தேதி குறித்துப் பதில் எழுதினார். சப்ஜெக்டை மட்டும் ‘குட் நியூஸ்’ என்று மாற்றினார்.

பக்கத்து சீட் ஜெயபாரதி எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்ணா, சப்ஜெக்டுல கை வெச்சா மெயிலு தனியாப் பிரிஞ்சு போயிருமுங்க. அந்தம்மா பழைய மெயிலத் தொறந்தா அதுக்கடியில நம்ம பதிலே இருக்காது.”

“அதுக்காக, ‘ரிஜெக்டட்’னு நம்ம கையால திருப்பி அனுப்பறதா கண்ணு?”

“நீங்க எங்கீங்ணா எழுதறீங்க? அதுவா வருது.”

“அதுவா வந்தாலும் நம்ம பேர்லதான போகுது.”

“எழவு ஊட்டுக்கு மாலை அனுப்புனாலும் கவர்ல ‘கல்யாண வாழ்த்து’ன்னு எழுதுவீங்களாட்ட இருக்குது.”

அவர் சிரித்துக்கொண்டே அனுப்பினார்.

பதில் எங்கே என்று அம்மாள் அதே ‘ரிஜெக்டட்’ மெயிலின் அடியில் மறுபடி கேட்டார். மயில்சாமி ‘வெரி குட் நியூஸ்’ என்று பதில் போட்டார். அடுத்த நினைவூட்டலுக்கு ‘எக்ஸலண்ட் நியூஸ்’. அங்கே ஒவ்வொன்றும் தனித்தனி மெயிலாகப் போய் விழுந்தது. பனியன் ஊரில் நூல் அறுந்தால் மிஷின் நின்று காட்டிக்கொடுக்கும். மெயிலில் தொடர் அறுந்தால் எதுவும் நிற்பதில்லை. ஆர்டர்தான் நின்றது. பிறகு தேடிப் பார்த்த அம்மாள், விளம்பரம் என்று நினைத்துத் திறக்காமல் விட்டேன் என்று எழுதினார். நல்ல செய்தியை யாரும் அவசரமாகப் படிப்பதில்லை என்பது மயில்சாமிக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்குள் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போயிருந்தது.

முதலாளி குமரன் அவரைக் கூப்பிட்டு, காபி வரவழைத்து, உட்காரச் சொன்னார். கொங்கு நாட்டில் இத்தனை மரியாதை நடந்தால் கவலைப்பட வேண்டும்.

“ஏனுங்க மயில்சாமி, கம்பெனிய உங்க ஊடாட்டப் பாத்துக்கிட்டீங்க. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. போயிட்டு வாங்க.”

“சரிங்க. வர்றனுங்க.”

மறுநாள் காலை வழக்கம்போல ஸ்கூட்டரில் வந்தார். நல்ல வார்த்தையை எழுதத் தெரிந்தவருக்கு, அதைப் பிறர் சொன்னால் படிக்கத் தெரியவில்லை. கேட்டில் அந்தோணிராஜ், தூத்துக்குடிப் பக்கத்து வாட்ச்மேன், வழியை மறித்தான்.

“அண்ணாச்சி, ஒங்கள உள்ள விடக் கூடாதுன்னுட்டாவ.”

“ஆரு?”

“மொதலாளிதாம். ஒங்க பேர எடுத்தாச்சாம்.”

“எங்கிட்ட போயிட்டு வாங்கன்னுதானுங்களே சொன்னாரு.”

“எல்லார்ட்டயும் அப்பிடித்தாம் சொல்லுவாவ.”

வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர் வண்டியைத் திருப்பினார்.

“போய்ட்டு வாங்க அண்ணாச்சி” என்றான் அந்தோணிராஜ், பழக்கத்தில்.

மயில்சாமி திரும்பிப் பார்த்தார். “‘போங்க’ன்னே சொல்லுங்க தம்பி.”

அந்தோணிராஜ் வாயைத் திறந்தான். அந்த வார்த்தை வரவில்லை. கேட்டைச் சாத்தினான்.