கொடுவாத் தலை

எனக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. அவளை இன்னும் இரண்டு பேரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று விழுப்புரம் போகும்வரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, ஒரு மாட்டுப் பொங்கல். எனக்குப் பத்து வயது. அக்கா விழுப்புரத்தில் நர்ஸ் பயிற்சியில் இருந்தாள். எல்லாருக்கும் லீவு கொடுத்துவிட்டால் வார்டை யார் பார்ப்பது என்று பாதிப் பேரைப் பண்டிகைக்கு நிறுத்திவிட்டார்களாம். வர முடியாது, யாரும் வருத்தப்பட வேண்டாம் என்று கடிதம் போட்டிருந்தாள். அம்மா வருத்தப்பட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. மரக்காணத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில் பொங்கலுக்கு மூன்று நாள் படகு இறங்காது. அப்பாவுக்கும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நாமே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பிவிட்டார்.

சித்தப்பா கழிவெளி ஏரியில் போட்ட வலையில் அன்று விடியற்காலை ஒரு கொடுவா மீன் அகப்பட்டிருந்தது. என் கை நீளம் இருக்கும். அம்மா அதைச் செதில் எடுத்துக் கழுவி, ஐஸ் வைத்துக் கட்டிக் கூடையில் போட்டாள்.

"அக்காகிட்ட குடு. தலை எனக்குத்தான்னு அங்க போயி மானத்த வாங்காத" என்றாள் என்னைப் பார்த்து.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் மீன் தலைக்கு ஒரு முறை உண்டு. குழம்பு வைத்தவர் மனசுக்கு யார் அதிகம் பிடித்தவரோ அவர் தட்டில்தான் தலை விழும். கேட்டு வாங்கக் கூடாது. அம்மா குழம்பு வைத்தால் தலை அப்பாவுக்குப் போகும். அக்கா வைத்தால் எனக்கு. அதில் ஒருநாளும் மாற்றம் இருந்ததில்லை. அவள் விழுப்புரம் போன பிறகு ஒன்றரை வருடமாக நான் வால் துண்டைத் தின்றுகொண்டிருந்தேன்.

திண்டிவனத்தில் பஸ் மாறும்போது கண்டக்டர் கூடையைப் பார்த்து முகம் சுளித்தார். "ஜனங்க புதுத்துணி கட்டிக்கினு ஏறுது, நீ மீனத் தூக்கிக்கினு வந்து பேஜாரு பண்றியே" என்றார். அப்பா கடைசி சீட்டுக்குப் போய்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டார். விழுப்புரம் வருவதற்குள் ஐஸ் கரைந்து அவருடைய பொங்கல் வேட்டி நனைந்துவிட்டது. நான் வழியெல்லாம் தலையைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனேன்.

அக்கா ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு தோழிகளோடு தங்கியிருந்தாள். மூன்று பேருக்கும் காலை டியூட்டி முடிந்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அதுவரைக்கும் சரிதான். அப்புறம் பின்னால் நின்ற இரண்டு பேரைக் காட்டி, "இவங்களும் உனக்கு அக்காதான், அக்கான்னு கூப்புடு" என்றாள். கூப்பிடுவதாவது! ஒருத்தி ஓமந்தூர்க்காரி, குண்டாக இருந்தாள், சும்மா சும்மா சிரித்தாள். அவளைக்கூட மன்னித்துவிடலாம். இன்னொருத்தி கண்டாச்சிபுரத்துக்காரி. ஒல்லியாக, பெரிய கண்ணோடு, அக்காவின் நீலத் தாவணியைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மா சீட்டுக் கட்டி வாங்கிக் கொடுத்த தாவணி அது. நான் பெரியவளானால் எனக்குத் தருவதாக அக்கா சொல்லியிருந்தாள்.

காலையில் வந்து கூட்டிப் போகிறேன் என்று என்னை அங்கே விட்டுவிட்டு, அப்பா ஊருக்குள் இருந்த தன் கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டார்.

பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து மூன்று பேரும் சமையலில் இறங்கினார்கள். ஓமந்தூர்க்காரி சோறு வடித்தாள். கண்டாச்சிபுரத்துக்காரி வெங்காயம் உரித்தபடி அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு ஏதோ சொன்னாள், அக்கா சிரித்தாள். புளி கரைப்பதும் உப்புப் பார்ப்பதும் வீட்டில் என்னுடைய வேலை. நான் பக்கத்தில் போனதற்கு, "நெருப்பு மேல பட்றப்போவுது, தள்ளி ஒக்காரு பாப்பா" என்றாள் அக்கா. பிறகு கரண்டியில் குழம்பை எடுத்து ஊதி, கண்டாச்சிபுரத்துக்காரியின் உள்ளங்கையில் ஊற்றினாள்.

"உப்பு சரியா இருக்குதா பாரு."

"உப்பு சரிதான். மல்லாட்டைய வறுத்து அரைச்சி ஊத்துனா இன்னும் நல்லாருக்கும், எங்க ஊட்ல கறிக்கு அப்பிடித்தான் செய்வாங்க" என்றாள் அவள்.

மீன் குழம்பில் வேர்க்கடலையா! அம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால் கரண்டி பறந்திருக்கும். அக்கா தட்டவே இல்லை, சரி என்று அரைக்கக் கொடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. குழம்பு நன்றாகவே இருந்ததுதான் அதைவிடக் கொடுமை.

நாலு மணிக்கு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். அக்கா பரிமாறினாள். கரண்டியில் கொடுவாத் தலை முழுசாக ஏறி வந்தது. நான் தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன். கரண்டி என்னைத் தாண்டிப் போய்க் கண்டாச்சிபுரத்துக்காரியின் தட்டில் இறங்கியது.

"ஐயோ, இத எப்பிடித் துன்றது?" என்று அவள் சிரித்தாள்.

எப்படித் தின்பது என்றே தெரியாதவளுக்குத் தலை. எனக்கு நடுத்துண்டு. அந்தச் சோற்றை அப்படியே கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

அக்கா ரசம் எடுக்கத் திரும்பியவள், "முள்ளு எங்க இருக்குதுன்னு அவளுக்குக் காட்டு பாப்பா" என்றாள்.

கொடுவாத் தலையில் செவுளை ஒட்டி வில்போல் வளைந்த ஒரு முள் உண்டு. சதையோடு சதையாக ஒளிந்திருக்கும். எங்கள் குப்பத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். கன்னத்தைக் காட்டினேன், உறிஞ்ச வேண்டிய எலும்பைக்கூடக் காட்டினேன். அந்த முள்ளை மட்டும் காட்டவில்லை.

நாலாவது வாயில் அவளுக்கு முகம் மாறியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மூன்று பேரும் நர்ஸ் ஆகப்போகிறவர்கள். ஆனால் ஓமந்தூர்க்காரி முதுகில் அடிப்பதா தண்ணீர் கொடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். அக்காதான் நிதானித்து, அம்மா செய்வதுபோல வெறும் சோற்றை உருண்டை பிடித்து, "மெல்லாத, அப்பிடியே முழுங்கு" என்று ஊட்டினாள். மூன்றாவது உருண்டையில் முள் இறங்கியது.

நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"காட்டுனியா இல்லியாடி?"

நான் வாயைத் திறப்பதற்குள், கரகரத்த தொண்டையோடு கண்டாச்சிபுரத்துக்காரி, "காட்டுச்சுடீ. பாப்பா நல்லாதான் சொல்லுச்சு. நாந்தான் பேசிக்கினே முழுங்கிட்டேன்" என்றாள்.

எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் ஏறியது. எனக்குக் கிடைக்க வேண்டிய தலையை எடுத்துக்கொண்டாள், இப்போது எனக்குக் கிடைக்க வேண்டிய திட்டையும் எடுத்துக்கொண்டாள். அக்கா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அவள் தன் தட்டை என் பக்கம் தள்ளி, "நீ துன்னு பாப்பா, எனக்கு இது வராது" என்றாள். பாதிக்கு மேல் தலை அப்படியே இருந்தது. மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் அக்காவின் மடியில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். முள் குத்தியபோது வந்த கண்ணீர் இல்லை, ஏங்கி ஏங்கி அழுதாள். எனக்கு நாலைந்து தடவை முள் குத்தியிருக்கிறது. இறங்கிவிட்டால் வலி அத்தோடு சரி. அதனால் அவள் மடிக்காக நடிக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலையில் அவளுடைய அப்பா வந்து பெட்டி படுக்கையோடு அவளை ஊருக்கு அழைத்துப் போகவிருந்தார். அந்தத் தை மாதமே முறைமாமனோடு கல்யாணம். படிப்பு முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. படித்தது போதும், நிறுத்து என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அவளுக்குக் கடைசியாக ஒரு நல்ல சாப்பாடு போட்டு அனுப்ப வேண்டும் என்றுதான் அன்று அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். அக்கா இதையெல்லாம் எனக்குச் சொன்னபோது எனக்கே கல்யாணம் ஆகியிருந்தது.

அன்றைக்கு எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஓமந்தூர்க்காரியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் அக்காவும் அழுதாள். முள் குத்தியது ஒருத்திக்கு, இந்த இரண்டு பேரும் எதற்கு அழுகிறார்கள் என்று யோசித்தபடி, நான் அந்தத் தலையை ஒரு துணுக்குச் சதை விடாமல் தின்று முடித்தேன்.