சனிக்கிழமை ஐந்து மணிக் கப்பல்

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் நாகேந்திரத்தின் வீடியோக் கடை இருந்தது. ஒரு கதவு, ஒரு மேசை, ஒரு பெரிய ரிவி, மூன்று சுவரிலும் கூரைவரை கசற்றுகள். அறுபது வயதில் அந்தக் கடையைக் காட்டி அவர் பெருமை பேசாத நாளில்லை.

"மூண்டாம் வகுப்பு. அதுவும் அரைவாசி. அதை வைச்சுக்கொண்டு இவ்வளவும் செய்தனான். படிச்ச ஆரையும் கூப்பிட்டுச் செய்யச் சொல்லு, பாப்பம்."

பேசட்டுமே, அவர் பேசலாம். பதினொரு வயதில் ரயிலேறி வந்து புறக்கோட்டையில் போத்தல் கழுவியவர். கொட்டாஞ்சேனையில் றேடியோ திருத்தும் கடையொன்றில் கூட்டித் துடைக்க நின்று, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தவர். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் இந்தக் கடையை எரித்தார்கள். கரியைக் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி பலகை மாட்டினார். யாருடைய கையையும் எதிர்பார்க்கவில்லை.

மகள் கனடாவில். மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று தொண்ணூற்றிரண்டில் போன மனைவி கனகேஸ்வரி அங்கேயே தங்கிவிட்டாள். அவரையும் கூப்பிட்டார்கள். "மருமகன்ரை வீட்டுச் சோபாவிலை குந்தியிருக்கவோ நான் இவ்வளவு பாடுபட்டனான்?" என்று கேட்டு மறுத்துவிட்டார். மாதத்தின் முதல் ஞாயிறு மகள் ரெலிபோன் எடுப்பாள். குளிர் எப்படி, குளிசை போட்டீங்களா என்பதோடு கதை முடிந்துவிடும். மிச்ச இருபத்தொன்பது நாளும் கதைக்க ஆள் வேண்டுமே. அதற்குத்தான் அவர் விண்வெளிப் படங்களைப் பிடித்துக்கொண்டார்.

காதல் படம், சண்டைப் படம் எதுவும் அவருக்கு ஆகாது. வாடகைக்குக் கொடுப்பார், பார்க்கமாட்டார். விண்வெளிப் படமென்றால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "அங்கை ஒருத்தரும் போய் வந்ததில்லை. நான் சொல்லுறது பிழையெண்டு ஆர் சொல்லுறது?" என்பார்.

அந்தப் படங்களைப் பற்றி அவருக்கு உறுதியான கொள்கைகள் இருந்தன. வேற்றுக் கிரகத்தார் எப்போதும் வெள்ளைக்காரனின் பட்டினத்தில்தான் இறங்குகிறார்கள் என்பதில் அவருக்குக் கோபம். "கிருலப்பனையிலை இறங்கிப் பார்க்கட்டுமன். பாலத்தடியிலை பொலிஸ் மறிச்சு அடையாள அட்டை கேப்பாங்கள். எட்டுக் காலோடை நிண்டு முழிப்பான்." இயந்திர மனிதர்களை அவர் மெச்சினார். நிறுத்தி நிறுத்திக் கதைப்பவர்கள் அவர்கள்தான், அவர்களின் இங்கிலீசு ஒன்றுதான் தனக்கு விளங்குகிறது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லுவார். ரிவி விளையாட்டுப் பெட்டி ஒன்றும் கொஞ்சக் காலம் கடையில் இருந்தது. வானத்திலிருந்து விழும் எதிரிகளைச் சுடவேண்டும், செத்தால் இன்னும் இரண்டு உயிர் மிச்சமிருக்கும். வன்னியிலிருந்து வந்த ஒரு சின்னப் பிள்ளை அந்தக் குண்டுச் சத்தத்துக்கு மேசைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. அன்றைக்கே அந்த விளையாட்டைக் கழற்றிப் பெட்டியில் கட்டிவிட்டார். "மூண்டு உயிர் குடுக்கிற விளையாட்டு இந்த நாட்டுக்குச் சரிவராது" என்றார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒழுங்கையிலிருந்த லொட்ஜுகளெல்லாம் நிரம்பி வழிந்தன. வடக்கிலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருந்த சனம். அந்த நேரம்தான் கொட்டாஞ்சேனைக் கசற்று வியாபாரி அலவி ஒரு இங்கிலீசுத் தொடரின் கசற்றுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கள் உலகம் அழிந்தபின், தண்ணீர் உள்ள வேறொரு கிரகத்தைத் தேடி அலையும் ஒரு கப்பலின் கதை. நாகேந்திரம் சனிக்கிழமை ஐந்து மணிக்கு அதைக் கடையில் போட்டார். கதவைத் திறந்து வைத்தார். லொட்ஜ் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள், பிறகு உட்கார வாங்கு கேட்டார்கள். நாலு கிழமையில் பதினொரு பேர். படம் ஓட ஓட நாகேந்திரம் எழுந்து நின்று தமிழில் கதை சொன்னார். கரையோர ரயில் போகும்போது திரையில் கோடு விழும், அவர் குரலை உயர்த்துவார்.

பதினொரு பேரில் இங்கிலீசு தெரிந்தவர் யோகநாதன் ஒருவர்தான், ஓய்வுபெற்ற தபாலதிபர். ஒரு நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"முதலாளி, உந்தக் கப்டன் இப்ப சொன்னது காத்து முடியப்போகுதெண்டு. நீங்கள் அவன்ரை மகளின்ரை கலியாணம் குழம்பிப்போச்செண்டு சொல்லுறியள்."

"மாஸ்டர், அவன்ரை முகத்தைப் பாருங்கோ. காத்து முடிஞ்சவன்ரை முகமே அது? பெம்பிளைப் பிள்ளையைப் பெத்தவன்ரை முகம்."

"நாகேந்திரண்ணை சொல்லுறதுதான் சரி. நீங்கள் சும்மா இருங்கோ மாஸ்டர்" என்றாள் பத்மாவதி.

பத்மாவதி முன் வாங்கின் மூலையில் இருப்பவள். ஐம்பத்திரண்டு வயது, கணவனில்லை. வெளிநாட்டிலிருந்து மகன் ஸ்பொன்சர் பண்ணியிருந்தான். பொலிஸ் நற்சான்று ஒன்று வந்தால் பயணம். ஏழு மாதமாக அது வரவில்லை. அவளுக்கும் கொள்கைகள் இருந்தன.

"இவ்வளவு பெரிய கப்பலிலை ஒரு அடுப்பில்லை, ஒரு கொடிக்கயிறில்லை. இந்த உடுப்பெல்லாம் ஆர் தோய்க்கிறது?"

"தங்கச்சி, உதுக்கு மெசின் இருக்கும்."

"மெசின் இருந்தால் காட்டியிருப்பாங்கள் அண்ணை. படம் எடுத்தவனுக்குத் தாய் இல்லைப்போலை."

நாகேந்திரம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எதிர்க் கடைக்குக் கேட்டது. சனிக்கிழமை முடிந்ததும், அடுத்த சனிக்கு அவள் என்ன கேட்பாள், தான் என்ன சொல்லுவது என்று கிழமை முழுதும் யோசித்துக்கொண்டிருப்பார். தேத்தண்ணி ஆறிப்போகும். இதை ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை ஒழுங்கையில் பொலிஸ் சோதனை. சார்ஜன்ட் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பதினொரு பேரும் வாங்கில் அப்படியே உறைந்துபோனார்கள்.

"மே மொகக்த, முதலாளி? இது என்ன கூட்டம்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நாகேந்திரம் சிங்களத்தில் கப்பலின் கதையை முதலிலிருந்து சொன்னார். சார்ஜன்ட் ஐந்து நிமிடம் நின்று பார்த்தார், அந்தத் தலைக்கவசம் தனக்கும் ஒன்று கிடைத்தால் நல்லது என்றார். போகும்போது, "ஆட்களைச் சேர்த்தால் யார் எவர் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார்.

வேறொருவர் என்றால் அதை அந்த வாசலிலேயே மறந்திருப்பார். தன் காலில் எழும்பிய மனிதருக்கு ஒரு வேலையை அரைகுறையாக விடத் தெரியாது. கடையில் கசற்று வாடகைக்கு எடுக்கப் பதிந்தவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், லொட்ஜ், அறை எல்லாம் அவரிடம் அட்டைகளில் இருந்தன. அதைப் பார்த்து, தன் பெரிய பெரிய எழுத்தில், பதினொரு பெயரையும் ஒரு தாளில் எழுதினார். யார் எந்த நாட்டு விசாவுக்குக் காத்திருக்கிறார் என்பதையும் பக்கத்தில் போட்டார். வெள்ளைச் சேட்டை மாட்டிக்கொண்டு பொலிசுக்குப் போய்த் தன் கையாலேயே கொடுத்தார்.

அடுத்த சனி, படம் போடுமுன் அறிவித்தார்.

"இனி ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை. எல்லாற்றை பேரையும் நானே பொலிசிலை குடுத்திட்டன். ஆரும் கேட்டால் நாகேந்திரத்தின்ரை ஆக்கள் எண்டு சொல்லுங்கோ."

கைதட்டுவார்கள் என்று நின்றார்.

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?" என்றாள் பத்மாவதி.

"உங்கடை நன்மைக்குத்தான் தங்கச்சி..."

"லொட்ஜிலை தங்கினவையெண்டு பேர் பதியிறது வேறை. கூட்டம் கூடினவையெண்டு பேர் பதியிறது வேறை. என்ரை நற்சான்று அந்தப் பொலிஸ் மேசையிலைதான் கிடக்குது அண்ணை. ஏழு மாசம். தெரியுமெல்லே உங்களுக்கு?"

அவள் எழுந்து போனாள். யோகநாதன் தொப்பியை எடுத்துக்கொண்டு, "முதலாளி, நான் தபாலிலை முப்பது வருசம் இருந்தனான். பெட்டிக்குள்ளை போட்ட கடிதம் திரும்பி வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் வாங்குகள் காலியாகின. கப்பல் யாருக்குமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாகேந்திரம் எழுந்து அதை நிற்பாட்டினார்.

திங்கட்கிழமை பொலிசுக்குப் போய் அந்தத் தாளைத் திருப்பிக் கேட்டார். சார்ஜன்டுக்கு முதலில் ஞாபகமே வரவில்லை. பிறகு கைவிரலால் மேலே காட்டினார். மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று. "நல்ல லிஸ்ட், முதலாளி. எங்கள் ஆட்கள்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதமாட்டார்கள்."

வாழ்நாளில் தன் வேலையை ஒருவர் புகழ்ந்தது நாகேந்திரத்துக்குக் கசந்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்று சனிக்கிழமைகள் போயின. ஐந்து மணிக்குக் கதவை அகலத் திறந்து வைத்தார். லொட்ஜ் ஆட்கள் எதிர்ப்பக்கத்தால் நடந்து போனார்கள். மகளின் ரெலிபோன் வந்தது. "கடை எப்பிடி அப்பா?" என்றாள். "சனம் தாங்கேலாமல் இருக்கு" என்றார்.

நாலாவது சனி, ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கக் கடையைப் பூட்டிவிட்டுப் பத்மாவதியின் லொட்ஜுக்கு நடந்தார். இரும்புக் கேற்றுக்குள் முகாமையாளர் ஹாஷிம் இருந்தார்.

"மொதலாளி, உள்ளுக்கு உட ஏலா. பழைய மாதிரி இல்ல இப்ப. பேர எழுதுங்க, நான் கூப்பிடுறன்."

கேற்றுக் கம்பிக்கு ஊடாகப் பதிவுக் கொப்பி வந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், யாரைப் பார்க்க, என்ன விசயம். கடைசிக் கட்டத்தில் பேனை நின்றது. யோசித்துவிட்டு 'கதைக்க' என்று எழுதினார்.

பத்மாவதி படியால் இறங்கி வந்து கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"நற்சான்று வந்திட்டுதோ, தங்கச்சி?"

"இல்லை. திரும்ப வரச் சொல்லி விட்டவை."

"என்னாலையோ?"

"ஆருக்குத் தெரியும் அண்ணை? முந்தியும் அப்பிடித்தான் சொன்னவை."

அவள் திட்டியிருந்தால் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அதற்கு அவர் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயிலொன்று கடலோரமாகப் போனது.

"பிழைதான் தங்கச்சி" என்றார். அந்தச் சொல் அவருக்குப் பழக்கமில்லாததால் மெதுவாகத்தான் வந்தது.

அவள் திரும்பினாள். இரண்டு படி ஏறியவள் நின்றாள்.

"அந்தக் கப்பல்காரருக்குத் தண்ணி கிடைச்சுதோ?"

எதைக் கேட்டாலும் உடனே பதில் வைத்திருப்பவர். கடல் கிடைத்தது, ஆறு கிடைத்தது என்று ஆயிரம் சொல்லியிருக்கலாம்.

"தெரியாது" என்றார். "மிச்சத்தை நான் பார்க்கேல்லை. ஆளில்லாமல் போட மனம் வரேல்லை."

"போட்டுப் பாருங்கோ அண்ணை. காத்துக்கொண்டு இருக்காதையுங்கோ" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். மூன்றாம் மாடிவரை அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம்.

அவர் ஒழுங்கைப் பக்கம் திரும்பினார்.

"மொதலாளி" என்று ஹாஷிம் கூப்பிட்டார். "வெளிய போற நேரத்தையும் எழுதணும்."

நாகேந்திரம் திரும்பி வந்து, கொப்பியை வாங்கி, மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார். ஐந்து ஒன்பது.