ஒரே பெட்டியில் இரண்டு கடல்

முத்து முகம்மது பாய் யாரையும் ஏமாற்றியவர் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ராஜபாளையம் மார்க்கெட்டில் அவர் விளைமீன் மட்டும்தான் விற்பார். தூத்துக்குடியில் படகு வைத்திருக்கும் தம்பி ஹபீப் ரகுமான் அனுப்பும் மீன் அது. அங்கே மீன்பிடித் தடைக்காலம் வந்தால் கேரளக் கடலிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லத்து லோடு வரும். தம்பியின் மீன் குறையக் குறைய, மற்ற நாட்களிலும் அந்த லோடை வாங்கினார். இரண்டையும் ஒரே பெட்டியில் கொட்டிவிடுவார். ஐஸ் செலவு மிச்சம். பார்வைக்கும் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"நெசமாவே தூத்துக்குடி மீனா பாய்?" என்று மீன் வாங்க வரும் பாண்டீஸ்வரி அக்கா கிளறுவார்.

"ஆதார் கார்டு கேட்டுப் பாரு தாயி. கடலுக்குள்ள வேலியா போட்டிருக்கு?"

தம்பி போனில் புலம்புவார். "வலையில மீனே படலண்ணே. படகை வித்துட்டு வேற சோலி பாக்கப் போறேன்."

"ஏலே, எம் பெட்டி நெறஞ்சு கெடக்கு. மீனு கொல்லம் பக்கம் மேயப் போயிருக்கு, வந்துரும். செத்த பொறுலே."

தம்பி நம்பினார். வந்த விலைக்குப் படகைக் கொடுக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வலையின் கண்ணைச் சிறிதாக்கி, குஞ்சுகளையும் சேர்த்து அள்ளினார்.

போன வருடம் கார்த்திகா என்ற ஆராய்ச்சி மாணவி வந்தார். பெட்டியிலிருந்த மீன்களின் துடுப்பில் சின்னத் துண்டுகளை வெட்டிக் குப்பிகளில் போட்டுக்கொண்டார். மரபணுவைப் பார்த்தால் எந்தக் கூட்டத்து மீன் என்று தெரியுமாம்.

"ஜாதகமா பாக்கீங்க? பொருத்தம் இருந்தா சொல்லுங்க," என்று பாய் சிரித்தார்.

சில மாதங்கள் கழித்து கார்த்திகா பதிலோடு வந்தார். "பாய், ஒங்க பெட்டியில ரெண்டு கூட்டம் இருக்கு. ஒண்ணோட ஒண்ணு கலக்குறதே இல்ல. தூத்துக்குடியில கொறைஞ்சத கொல்லத்து மீன் வந்து நெரப்பாது."

"எந் தம்பி மீனு எம்புட்டு இருந்துச்சு?"

"கொஞ்சந்தான். அதுலயும் முக்காவாசி குஞ்சு."

"தடைக்காலத்த நீட்டச் சொல்லுங்களேன்."

"இந்தக் கூட்டத்துக்குத் தனித் தடை வேணும்னு எழுதியிருக்கேன். ஆனா முட்டை போடப் பெரிய மீன் மிச்சம் இருக்கணுமே பாய்."

இந்த முறை பாய் சிரிக்கவில்லை. அன்றே தம்பிக்குப் போன் போட்டார்.

"ஏலே ஹபீபு, படகுக்கு ஆளு வந்தா குடுத்துருலே."

"நீதானண்ணே பொறுன்னு சொன்ன?"

"எம் பெட்டியில நான் பாத்தது நம்ம மீனு இல்லலே."

தம்பி சொன்னார்: "இனி எவண்ணே வாங்குவான்? கரையில பாதிப் படகு விலைக்குத்தான் நிக்கு."

பாய் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கொல்லத்து லோடைப் பிரிக்கப் போனார். அன்றும் பெட்டி நிறைந்தது.